இரவுச் சுழியோட்டத்துக்கு எந்த வெளிச்சம்? வன்னிக் கரைகளை முன்வைத்து ஓர் ஒப்பீடு

அலம்பில், செம்மலை, நாயாறு போன்ற முல்லைத்தீவுக் கரைகளிலும், மேற்கே அரிப்பு, சிலாவத்துறைப் பக்கத்திலும் இரவில் கரையிலிருந்தே இறங்கிச் சுழியோட விரும்புவோர் முதலில் கேட்பது, எத்தனை லூமென் (விளக்கு வெளிவிடும் மொத்த ஒளியின் அலகு) ரோச் வாங்குவது என்பதையே. கடலுயிர்கள் மீது அக்கறை உள்ளவர் அதற்கு முன்பாகக் கேட்க வேண்டியவை வேறு: ஒளிக்கற்றை எவ்வளவு அகலமானது, அதை எந்த அளவுக்குக் குறைக்க முடியும், கரையில் எதை எரிய விட்டுவிட்டு இறங்குகிறோம். இந்த வரிசையிலேயே இங்கே ஒப்பிடுகிறேன்.

சந்தையில் கிடைக்கும் நீரடி ரோச்சுகளைப் பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடக்கலாம். ஒன்று, ஏறத்தாழ 10 பாகைக்குள் ஒளியைக் குவிக்கும் குறுங்கற்றை ரோச். மற்றது, படப்பிடிப்புக்கென உருவாக்கப்பட்ட, 100 பாகை அல்லது அதற்கும் மேலாக ஒளியை விரிக்கும் அகலக்கற்றை விளக்கு. இரண்டு மீற்றர் தூரத்தில் முதலாவது ஏறத்தாழ 35 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வட்டத்தையும், இரண்டாவது ஏறத்தாழ 4.8 மீற்றர் விட்டமுள்ள வட்டத்தையும் ஒளியூட்டும். பரப்பளவில் பார்த்தால் பின்னது 180 மடங்கைத் தாண்டுகிறது. அகலக்கற்றை விளக்குகள் 3,000 லூமென், 5,000 லூமென் என்று விற்கப்படுவதற்கும், குறுங்கற்றை ரோச்சில் 300 லூமென் இருந்தாலே தாராளமாகப் போதுமாவதற்கும் காரணம் இதுவே.

இந்தக் கணக்கில் குறுங்கற்றைக்குப் பாதகமான பக்கமும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. நீர் உறிஞ்சுவதைத் தவிர்த்துக் கணக்கிட்டால், 300 லூமென் அந்தச் சிறிய வட்டத்துக்குள் குவியும்போது அங்கே 3,000 லக்ஸ் (ஒரு சதுர மீற்றரில் விழும் லூமென்) அளவிலான ஒளி விழுகிறது. 3,000 லூமென் அகலவிளக்கோ தன் பெரிய வட்டத்தில் 170 லக்ஸ் அளவையே தருகிறது. மேகமற்ற பௌர்ணமி இரவில் நிலத்தில் விழும் நிலவொளி ஏறத்தாழ 0.3 லக்ஸ் மட்டுமே என்பதை நினைத்துப் பார்த்தால், பாரின் (கடலடிப் பாறைத் திட்டின்) இடுக்கில் உறங்கும் கிளிமீனுக்கு இரண்டுமே தாங்க முடியாத வெளிச்சம் என்பது விளங்கும். கிளிமீன்களில் சில இனங்கள் இரவில் தம்மைச் சுற்றிச் சளியாலான உறையொன்றைக் கட்டிக்கொண்டு உறங்குகின்றன. வெளிச்சம் பட்டு வெருண்டோடும் மீன் அந்த உறையை இழப்பதோடு, இருளில் கல்லில் மோதவும் வேட்டையாடும் மீனின் வாயில் அகப்படவும் கூடும்.

அப்படியிருந்தும் நான் குறுங்கற்றையின் பக்கமே நிற்கிறேன். குறுங்கற்றையை எங்கே விழுத்துவது என்பது சுழியோடியின் கையில் இருக்கிறது. மணலிலோ பக்கத்துக் கல்லிலோ அதைப் பிடித்து, வட்டத்தின் விளிம்பில் கசியும் மங்கலான ஒளியில் உயிரைப் பார்க்கலாம். பார்க்க வேண்டாத நூறு உயிர்களை இருளிலேயே விட்டுச் செல்லலாம். அகலவிளக்கில் அந்தத் தெரிவு இல்லை. அது போகுமிடமெல்லாம் ஏறத்தாழ ஐந்து மீற்றர் அகலத்துக்கு இரவைக் கலைத்துக்கொண்டே போகிறது. ஒளியை நாடி வரும் கடற்புழுக்களும் மிதக்கும் சிற்றுயிர்களும் அதன் முன்னால் மொய்க்க, அவற்றைத் தின்னச் சிறுமீன்களும், சிறுமீன்களைத் தின்னக் கணவாயும் கூடுகின்றன. முரல் மீன் வெளிச்சத்தை நோக்கி நீர்ப்பரப்பில் பாய்வது நம் கடற்றொழிலாளர் நன்கறிந்த செய்தி; அதன் கூரிய அலகு மனிதரைக் காயப்படுத்தியும் இருக்கிறது. ஆகவே மேற்பரப்பில் மிதந்தபடி அகலவிளக்கை எரிப்பது மீனுக்கும் ஆளுக்கும் ஒருசேரக் கேடாகும்.

கலங்கல் நீரில் இந்த வேறுபாடு இன்னும் கூடுதலாகத் தெரியும். வாடைக் காலத்தில் முல்லைத்தீவுக் கடல் இறங்க முடியாத அளவுக்குக் கொந்தளிக்கும். அது தணிந்த பிறகும் நாயாற்றின் வாய்க்கு அருகில் சேற்று நீர் சில காலம் நிற்கும். மன்னார்ப் பக்கத்தில் சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் ஆழமற்ற கடலின் அடிமண் கிளறப்படும். இத்தகைய நீரில் அகலவிளக்கின் ஒளி மிதக்கும் துகள்களில் பட்டுத் திரும்பி வெண்திரையாகக் கண்முன் நிற்பதால், சுழியோடி மேலும் பிரகாசத்தைக் கூட்டுகிறார். திரை இன்னும் வெளுக்கிறது. குறுங்கற்றையைக் கண்ணிலிருந்து விலக்கி, கையை நீட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் துகள்கள் அவ்வளவாக ஒளிராது. துணைச் சுழியோடிக்குச் சைகை காட்டவும் அதுவே உதவுகிறது: மணலில் வட்டம் போட்டுக் காட்டினால் அவருக்குப் புரியும், அவருடைய கண்ணும் கூசாது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது உச்ச லூமென் அன்று, மிகக் குறைந்த நிலை எவ்வளவு என்பதே. 50 லூமெனுக்கோ அதற்கும் கீழேயோ இறக்கக்கூடிய ரோச்சே இரவுக் கடலுக்கு ஏற்றது.

சிவப்பு ஒளியைப் பற்றி மிகையான நம்பிக்கை பரவியிருக்கிறது. பல கடலுயிர்களின் கண்கள் சிவப்பை அவ்வளவாக உணர்வதில்லை என்பது உண்மைதான். ஆனால் நீர் மற்ற நிறங்களைக் காட்டிலும் சிவப்பை வெகு விரைவாக உறிஞ்சிவிடுகிறது. இரண்டு மீற்றருக்கு அப்பால் இருக்கும் கல்லுக்குப் போய்த் திரும்பும் ஒளி நான்கு மீற்றர் நீரைக் கடக்க வேண்டும்; அதற்குள் அடர்சிவப்பில் பாதிக்கு மேல் அழிந்துவிடும். ஓரிடத்தில் நிலைத்து நின்று, கைக்கெட்டும் தூரத்தில் நண்டையோ கணவாயையோ நெடுநேரம் கவனிப்பவருக்குச் சிவப்பு மிக நல்லது. வழி கண்டு நீந்துவதற்கும் சிலிண்டரில் எஞ்சிய காற்றைக் காட்டும் காற்றுமானியைப் படிப்பதற்கும் மங்கலான வெள்ளை ஒளியையே நம்ப வேண்டும். இரண்டு நிறமும் ஒரே ரோச்சில் கிடைத்தால் சிறப்பு.

கரையில் சிவப்பின் நிலை வேறு. கரையிறங்கும் இடத்தை அடையாளம் காண ஏதாவது ஒரு வெளிச்சம் கட்டாயம் வேண்டும். பலரும் பெற்றோமாக்ஸையோ வெள்ளை எல்ஈடி விளக்கையோ உயரத்தில் தூக்கிவிடுகிறார்கள். கடலாமைக் குஞ்சுகள் முட்டையிலிருந்து வெளிவந்ததும் வெளிச்சமான திசையைக் கடலென்று கொண்டு நகர்பவை. இலங்கைக் கரைகளுக்கு வரும் ஐந்து கடலாமை இனங்களும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. வெள்ளை விளக்கு குஞ்சுகளை நிலத்தின் பக்கம் இழுத்துவிடும். முட்டையிடக் கரையேறும் தாயையும் திருப்பி அனுப்பிவிடும். சிவப்போ செம்மஞ்சளோ ஆன சிறிய விளக்கை, நிலப்பக்கமும் மணற்பக்கமும் மறைத்து, கடலை நோக்கி மட்டும் தெரியுமாறு தாழ்வாக வைப்பதே இவற்றுள் தீங்கு குறைந்த வழி. முன்னும் பின்னுமாக இரண்டு சிறு விளக்குகளை நட்டால், அவை ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும் நேர்கோட்டைப் பிடித்துக்கொண்டு துல்லியமாகக் கரைசேரலாம். பெரிய விளக்கு தேவைப்படாது.

சிலிண்டரில் கட்டும் அடையாள விளக்கைப் பொறுத்தவரை ஒப்பீடு சிறியது. ஒளிக்குச்சி ஒருமுறை ஒடித்தால் ஒரு இரவோடு தீர்ந்து, பிளாஸ்ரிக் குழாயும் உடைந்த கண்ணாடியும் இரசாயனக் கரைசலுமாக எஞ்சுகிறது. கழன்று கடலில் போனால் அப்படியே குப்பை. பற்றரி மாற்றக்கூடிய சிறிய எல்ஈடி விளக்கு அதே வேலையைப் பல பருவங்களுக்குச் செய்யும். ஒளிக்குச்சியை வாங்குவதற்கு நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பற்றரியில் அல்கலைன் மலிவானதும் எந்தக் கடையிலும் கிடைப்பதுமாகும்; ஆனால் தீர்ந்தவை கிராமத்துக் குப்பைக் குழியில்தான் போய்ச் சேர்கின்றன. நூற்றுக்கணக்கான தடவை மீள்மின்னேற்றக்கூடிய நிக்கல் செல்களை அதே ரோச்சிலேயே போடலாம் என்பதால், பழைய ரோச் வைத்திருப்பவர் புதிதொன்று வாங்குவதை விட இதைச் செய்வது மேல். லிதியம் அயன் செல் அதிக ஆற்றல் உடையது. சூரியத் தகட்டிலும் மின்னேற்றலாம். ஆனால் பல ரோச்சுகளில் அது மெல்ல மங்காமல் திடீரென அணைந்துவிடும். உப்புநீர் புகுந்தால் ஆபத்தானதும்கூட. நீர் புகாமல் தடுக்கும் ஓ-வளையத்தை ஒவ்வொரு முறையும் துடைத்துப் பார்ப்பதும், தனிப் பற்றரியுள்ள இரண்டாவது ரோச்சை உடன் கொண்டுசெல்வதும் அதற்காகவே.

ஒளி பாய்ச்சி மீன்பிடித்தலுக்கு எதிராக முல்லைத்தீவுக் கடற்றொழிலாளர்கள் வீதியில் இறங்கிப் போராடியிருக்கிறார்கள். அவர்களுடைய கரையில், அவர்கள் கரைவலை இழுக்கும் பாட்டுக்கு (இடத்துக்கு) முன்னால், இரவில் நீருக்கடியில் நகரும் பெருவெளிச்சம் எப்படிப் புரிந்துகொள்ளப்படும் என்பதை இறங்குபவர் முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும். எந்த விளக்கை வைத்திருந்தாலும் உள்ளூர்க் கடற்றொழிலாளர் சங்கத்துக்கும் அருகிலுள்ள கடற்படை முகாமுக்கும் மாலையிலேயே சொல்லிவிட்டு இறங்குங்கள். எந்த இடத்தில் வலை கிடக்கிறது என்பதையும் சங்கத்தாரிடமே கேட்டு அறிந்துகொள்ளலாம்.