வரைபடத்தில் 14 குண்டூசி: டி.ஓ. கல்லூரிக்கு முன்பணம் கட்டும் முன் படியுங்கள்

அமெரிக்காவில் பிள்ளையை டி.ஓ., அதாவது ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம் தரும் கல்லூரியில் சேர்க்க யோசிக்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன். என் மகன் படித்த கல்லூரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவன் எந்த மாநிலத்தில் உரிமம் கேட்டாலும் அந்தக் கல்லூரியிலிருந்துதான் சான்று போக வேண்டும். பெயர் இல்லாமலே சொல்ல நிறைய இருக்கிறது.

டி.ஓ. மட்டமான படிப்பு என்று சொல்ல வரவில்லை, அதை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். ஊரில் விஷயத்தைச் சொன்னபோது என் பெரியப்பா, "எலும்பு வைத்தியமா? புத்தூர் கட்டு மாதிரியா?" என்று கேட்டார். வீட்டில் எல்லாரும் சிரித்தோம். அப்புறம் படித்துப் பார்த்தால், அவர் கேட்டதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. இந்த முறையைத் தொடங்கிய ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் ஒரு காலத்தில் தன்னை மின்னல் வேக எலும்பு வைத்தியர் என்றுதான் விளம்பரம் செய்துகொண்டார். 1892இல் மிசௌரி மாநிலத்துக் கிர்க்ஸ்வில் ஊரில் முதல் கல்லூரியை ஆரம்பித்தவர் அவர்தான். ஆனால் அது பழைய கதை. இன்றைய டி.ஓ. மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சை செய்யலாம், 50 மாநிலங்களிலும் எம்.டி.க்கு (இங்கே அதுதான் வழக்கமான மருத்துவப் பட்டம்) இருக்கும் அதே உரிமை. கூடுதலாக 200 மணி நேரம் போலக் கையால் தொட்டுப் பார்த்துச் செய்யும் சிகிச்சை கற்றுக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். 2020 முதல் ரெசிடென்சியும், அதாவது பட்டம் வாங்கிய பிறகு மருத்துவமனையில் எடுக்கும் சிறப்புப் பயிற்சியும், இரண்டு பேருக்கும் ஒரே அமைப்பின் கீழ் வந்துவிட்டது. இன்றைக்கு இந்த நாட்டில் மருத்துவம் படிக்கும் நாலு பேரில் ஒருவர் டி.ஓ. மாணவர். எங்கள் குடும்ப டாக்டரே டி.ஓ.தான். பத்து வருஷம் போய் வந்த பிறகுதான் சுவரில் மாட்டியிருந்த சான்றிதழை நிமிர்ந்து பார்த்தோம்.

ஆக, பட்டத்தில் கோளாறு இல்லை. நாங்கள் ஏமாந்தது கல்லூரியில்.

2018 இலையுதிர் காலம். மகனுக்கு இரண்டு இடத்திலிருந்து நேர்காணல் அழைப்பு வந்தது. ஒன்று பழைய கல்லூரி, இன்னொரு மாநிலத்தில். கட்டடத்தில் கார்ப்பெட் வாசனை, லிஃப்ட் ஏறும்போது ஒரு முனகல். இன்னொன்று புதுசு. இவன் சேர்ந்தால் அங்கே இரண்டாவது பேட்ச். கண்ணாடிக் கட்டடம், வாசலில் செயற்கை நீரூற்று, உள்ளே ஒரு அறை முழுக்கக் கண் சிமிட்டும் பொம்மை நோயாளிகள். அதில் ஒன்றுக்கு வியர்க்கக்கூடச் செய்தது. நான் கிட்டப் போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், ஈரம். வந்திருந்த அப்பா அம்மாக்கள் எல்லாரும் செல்ஃபி எடுத்துக்கொண்டோம். மண்டபத்தைப் பார்த்து மாப்பிள்ளையை முடிவு செய்த கதை.

நான் ஏமாந்த இடம் அந்தப் பொம்மை இல்லை, அதற்குப் பிறகு காட்டிய வரைபடம். டீன் பேசி முடித்ததும் திரையில் அந்த மாநிலத்தின் படம் வந்தது. அதில் 14 சிவப்புக் குண்டூசி. ஒவ்வொன்றும் ஒரு மருத்துவமனை, எங்களுடன் இணைந்தவை என்றார். பெரிய நகரத்து மருத்துவமனைகள் இரண்டு, நானே பெயர் கேள்விப்பட்டவை. அந்தப் படத்தை வழவழப்பான தாளில் அச்சடித்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். மருத்துவமனைகள் எல்லாம் பக்கத்தில்தானா என்று ஒரு அம்மா கேட்டார். பெரும்பாலான மாணவர்கள் ஒரு மணி நேரத் தொலைவுக்குள்தான் இருப்பார்கள் என்று பதில் வந்தது. பெரும்பாலான என்ற வார்த்தையை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை.

இங்கே ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இங்குள்ள மருத்துவப் படிப்பு நாலு வருஷம். முதல் இரண்டு வருஷம் வகுப்பறை. மூன்றாவது, நாலாவது வருஷம் மருத்துவமனையில்தான் பாடம்: பொது மருத்துவம், அறுவை சிகிச்சை, குழந்தைகள், மகப்பேறு, மனநலம் என்று மாதக்கணக்கில் மாறி மாறிப் போவது. இதைத்தான் ரொட்டேஷன் என்கிறார்கள். எம்.டி. கல்லூரிகள் பலவற்றுக்குச் சொந்த மருத்துவமனையோ, கூடவே வளர்ந்த பெரிய மருத்துவமனையோ இருக்கும். டி.ஓ. கல்லூரிகளில் அப்படி இருப்பவை குறைவு. வெளி மருத்துவமனைகளோடும், தனியாகக் கிளினிக் நடத்தும் டாக்டர்களோடும் ஒப்பந்தம் போட்டுப் பிள்ளைகளை அனுப்புவார்கள். பழைய கல்லூரிகள் பல பத்தாண்டுகளாக இந்த உறவைக் கட்டி வைத்திருக்கின்றன, அதனால் அங்கே பிரச்சனை குறைவு. புதுக் கல்லூரி அதே மருத்துவமனைகளின் வாசலில் கடைசியாக வந்து வரிசையில் நிற்கிறது.

இதெல்லாம் இன்றைக்குச் சொல்கிறேன். அன்றைக்கு 2,000 டாலர் முன்பணம் கட்டினோம், திருப்பித் தர மாட்டார்கள். பழைய கல்லூரிக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டோம். புதுக் கல்லூரி என்பதால் அரசுக் கடன் இன்னும் கிடைக்காது, சீக்கிரம் வந்துவிடும் என்றார்கள். தனியார் வங்கியில் கடன் வாங்கினோம், கூடக் கையெழுத்துப் போட்டது நான். அரசுக் கடன் வந்தது மூன்றாவது வருஷத்தில். முதல் இரண்டு வருஷ வட்டியை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

முதல் இரண்டு வருஷத்தைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். பேராசிரியர்கள் நல்லவர்கள், பையன் படித்தான். டி.ஓ. மாணவர்களுக்கு உரிய காம்லெக்ஸ் தேர்வையும், எம்.டி. மாணவர்கள் எழுதும் யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வையும் எழுதினான். அறுவை சிகிச்சைக்குப் போக ஆசை என்றால் இரண்டையும் எழுதச் சொல்கிறார்கள். இரண்டு தேர்வு, இரண்டு கட்டணம், ஒரே மூளை. நல்ல மதிப்பெண்ணோடு தேறினான்.

2021 பிப்ரவரியில் ரொட்டேஷன் இடத்துக்குக் குலுக்கல் நடந்தது. இவனுக்கு வந்த ஊர் கல்லூரியிலிருந்து காரில் ஆறு மணி நேரம். நான் வரைபடத்தை எடுத்துத் தேடினேன். 14 குண்டூசியில் அந்த ஊரே இல்லை. பக்கத்து மாநிலம்! கோவிட் காரணமாக மாற்றம் என்றார்கள். சரி, எல்லாருக்கும் கஷ்டகாலம் என்று நாங்களும் விட்டுவிட்டோம். கல்லூரிக்குப் பக்கத்தில் எடுத்த வீட்டுக்கு ஆகஸ்ட் வரை வாடகை, அங்கே ஒரு அறைக்கு ஜூலையிலிருந்து வாடகை.

அக்டோபரில் அவனைப் பார்க்கப் போனேன். ஒரு பாட்டி வீட்டின் பின்கட்டில் அறை. தரையில் மெத்தை, ஜன்னலோரம் இஸ்திரி போட்ட வெள்ளைக் கோட்டு. அது குழந்தைகள் நல மாதம். "இன்னைக்கு எத்தனை பேரைப் பார்த்தே?" என்று கேட்டேன்.

"மூணு பேர் அப்பா."

"என்ன கேஸ்?"

"மூணுமே தொண்டை வலி."

குழந்தைகள் நலப் பயிற்சி நடந்தது மருத்துவமனையில் இல்லை, கடைத்தெருவில் இருந்த ஒரு அவசரச் சிகிச்சைக் கிளினிக்கில். அங்கே உள்நோயாளி என்று ஒரு குழந்தைகூடக் கிடையாது. அறுவை சிகிச்சை மாதம் இதைவிட மோசம். வாரம் மூன்று நாள் மட்டும் ஹெர்னியா, பித்தப்பை அறுவை செய்யும் ஒரு டாக்டர். நல்ல மனிதர்தான், ஆனால் நடுவில் இரண்டு வாரம் விடுமுறையில் போய்விட்டார். அந்த இரண்டு வாரமும் பையன் அறையில் உட்கார்ந்து வீடியோ பார்த்தான். அதுவும் ரொட்டேஷன் கணக்கில் சேர்ந்தது. அந்த வருஷக் கட்டணம் 54,000 டாலர், ஒரு காசு குறையவில்லை.

ரெசிடென்ட் டாக்டர்கள் இல்லாத இடத்தில் மாணவன் யாரிடமிருந்து கற்றுக்கொள்வான்? இராத்திரி டூட்டி எப்படி, நோயாளியின் நிலைமையைக் காலையில் சீனியர் முன்னால் எப்படிச் சொல்வது, இதெல்லாம் ரெசிடென்ட் பின்னாலேயே அலைந்து வருவது. அதைவிட, அறுவை சிகிச்சை ரெசிடென்சிக்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டும். பயிற்சித் திட்டம் நடத்தும் சர்ஜன் எழுதினால் அதற்கு எடை. இவனுக்கு அப்படி எழுத ஆளே இல்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் பொறுக்க முடியாமல் வரைபடத்தில் இருந்த ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போன் போட்டேன். மாணவர் பயிற்சியைக் கவனிக்கும் அலுவலகத்துக்கு இணைத்தார்கள். ஒரு அம்மாள் பொறுமையாகப் பேசினார். "ஆமாம், அந்தக் கல்லூரியோடு ஒப்பந்தம் இருக்கிறது. வருஷத்துக்கு இரண்டு மாணவர்கள்." இரண்டு பேர்! என் மகன் வகுப்பில் 150 பேர். "இந்த வருஷம் அந்த இரண்டு பேரையும் எடுக்கவில்லை" என்றும் சொன்னார். சேரும் முன்பு இந்தப் போனை நான் போட்டிருந்தால் ஐந்து நிமிஷம் செலவாகியிருக்கும்.

டீனுக்கு எழுதினேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: மாணவர் கையேட்டில் 61ஆம் பக்கம், பயிற்சி இடங்கள் மாற்றத்துக்கு உட்பட்டவை, உங்கள் மகன் கையெழுத்திட்டிருக்கிறார். போட்டிருந்தான்தான், சேர்ந்த முதல் நாள், 20 காகிதங்களோடு. அங்கீகாரம் தரும் கோக்கா அமைப்பிடம் புகார் கொடுக்கலாம் என்றேன். பையன் கையைப் பிடித்துக்கொண்டான். "வேண்டாம் அப்பா, டீன் கடிதம் எழுதுறது அவங்கதான்." அந்தக் கடிதம் இல்லாமல் எந்த ரெசிடென்சிக்கும் விண்ணப்பம் முழுமையாகாது. கல்லூரி மாறவும் முடியாது. மருத்துவத்தில் நடுவில் மாற்றல் வாங்குவது கிட்டத்தட்ட நடக்காத காரியம்.

2023 மார்ச், மேட்ச் வாரம். நாடு முழுவதும் ரெசிடென்சி இடங்களை ஒதுக்கும் முறைக்குத்தான் மேட்ச் என்று பெயர். திங்கட்கிழமை காலை மின்னஞ்சல் வந்தது. அறுவை சிகிச்சையில் இடம் இல்லை. அந்த நாலு நாளை எழுத எனக்கு மனசு வரவில்லை. மீந்த இடங்களுக்கு அவசரமாக விண்ணப்பிக்கும் சுற்றில் அவனுக்கு ஒரு வருஷ இடம் கிடைத்தது. சர்ஜரிதான், ஆனால் ஒரே ஒரு வருஷம். முடிந்ததும் மறுபடி நடுத்தெரு.

அந்தக் கோடையில் கல்லூரி தன் பெருமையை அச்சடித்து வெளியிட்டது: 99 சதவீத மாணவர்களுக்கு ரெசிடென்சி. எப்படி 99 என்று யோசித்தேன். அந்த 99க்குள் என் மகனும் இருக்கிறான். ஒரு வருஷ இடம் கிடைத்தாலும் இடம் கிடைத்த கணக்குதான். நாலு வருஷத்தில் முடிக்காமல் பின்தங்கியவர்களும், விட்டுப் போனவர்களும் அந்தக் கணக்கிலேயே வர மாட்டார்கள். மேட்ச் விகிதம் வேறு, கடைசியில் எங்கேயாவது இடம் கிடைத்த விகிதம் வேறு. அதே 2023இல் நாடு முழுவதும் டி.ஓ. இறுதியாண்டு மாணவர்களில் மேட்சில் இடம் பிடித்தவர்கள் 91.6 சதவீதம். மோசமான எண் இல்லை. அப்படியிருக்க ஒரு கல்லூரி 99 என்று சொன்னால் எந்த விகிதம் என்று கேட்டுவிடுங்கள்.

இப்போது அவன் குடும்ப மருத்துவத்தில் ரெசிடென்ட். சந்தோஷமாக இருக்கிறேன் என்கிறான், நானும் நம்புகிறேன்.

நண்பர் ஒருவரின் மகளுக்கு இப்போது இரண்டு டி.ஓ. கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. அவளுக்குச் சொன்னதை அப்படியே இங்கும் எழுதுகிறேன். கட்டடத்தைப் பார்க்காதே, மூன்றாம் வருஷ மாணவர் ஒருவரைத் தேடிப் பிடி. கல்லூரி அனுப்பிவைக்கும் மாணவத் தூதரை வேண்டாம், இந்த நிமிஷம் ரொட்டேஷனில் இருக்கும் ஒருவரை. நேற்று எங்கே இருந்தாய், எத்தனை உள்நோயாளிகளைப் பார்த்தாய், கூட ரெசிடென்ட் உண்டா என்று மட்டும் கேள். பட்டியலில் உள்ள மருத்துவமனைக்கு நீயே போன் போட்டு, போன வருஷம் இந்தக் கல்லூரியிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று கேள். இடம் குலுக்கலிலா, விருப்பப்படியா என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்கு. எத்தனை பேர் சேர்ந்து எத்தனை பேர் நாலு வருஷத்தில் வெளியே வந்தார்கள் என்ற எண்ணும் வேண்டும். ஒரு பேட்ச்கூடப் படிப்பை முடிக்காத புதுக் கல்லூரி என்றால் அங்கீகாரமும் முழுமையாக இருக்காது, சொல்வதற்கு எண்ணும் இருக்காது. எதிர்பார்க்கிறோம் என்பார்கள். நாங்களும்தான் எதிர்பார்த்தோம்.

கடன் விஷயத்தில் எங்கள் காலத்தைவிட இப்போது கத்தி இன்னும் கூர்மை. 2025இல் வந்த புதுச் சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்குக் கிராட் பிளஸ் என்ற அரசுக் கடன் கிடையாது. மருத்துவம் போன்ற தொழில் படிப்புக்கு அரசுக் கடன் வருஷத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர், அதோடு சரி. தனியார் டி.ஓ. கல்லூரிகள் பலவற்றில் கட்டணமே அதைத் தாண்டுகிறது, சாப்பாடும் வாடகையும் தனி. மீதிக்குத் தனியார் வங்கிதான், கூடக் கையெழுத்து அப்பாதான். மிச்சிகன், ஒஹையோ, ஓக்லஹோமா, டெக்சஸ் மாதிரி மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகத்தின் டி.ஓ. கல்லூரிகள் இருக்கின்றன. அந்த மாநிலத்தில் குடியிருந்தால் அதை முதலில் பாருங்கள்.

நண்பரின் மகள் நான் சொன்னபடி ஆறு மருத்துவமனைக்குப் போன் போட்டாள். இரண்டு இடத்தில் அந்தக் கல்லூரியின் பெயரையே தெரியாது என்றார்களாம். இன்னும் முடிவு செய்யவில்லை. அவள் அப்பாவுக்குக் கட்டடம் பிடித்துவிட்டது.

போன வாரம் என் மகன் படித்த கல்லூரியிலிருந்து ஒரு தடித்த உறை வந்தது. பெற்றோர் நன்கொடை நிதிக்குத் தாராளமாகத் தர வேண்டுமாம். உள்ளே அதே வழவழப்பான தாள், அதே வரைபடம். எண்ணிப் பார்த்தேன், இப்போது 19 குண்டூசி.