எலும்புத் தூள் உரம்: மாடியில் சரி, தரையில் வீண்

எங்கள் வீடு கோவைப் பக்கம். மொட்டை மாடியில் க்ரோ பேக்குகள், பின்பக்கம் கொஞ்சம் கரிசல் நிலம். சில வருடங்களாக இரண்டிலும் எலும்புத் தூள் போட்டுப் பார்த்துவிட்டேன். மாடியில் ரோஜாவும் குண்டு மல்லியும் அதற்கு நன்றாகவே பதில் சொல்கின்றன. தரையில் இருக்கும் எலுமிச்சைக்கும் செம்பருத்திக்கும் போட்டதற்கு எந்த அடையாளமும் இல்லை.

காரணம் மண்தான். எலும்பில் உள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து இறுகிக் கிடக்கிறது. அது கரைந்து வேருக்குப் போக மண் லேசான அமிலத் தன்மையோடு இருக்க வேண்டும். அமில-கார அளவான பி.எச். 7-ஐத் தாண்டினால் கரைவது மிகவும் குறைந்துவிடும். எங்கள் நிலத்தில் ஒரு அடி தோண்டினாலே வெள்ளைச் சுண்ணாம்புக் கற்கள் வருகின்றன, பி.எச். 8-க்கு மேல். மாடிக் கலவையோ செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம். நார்க்கழிவு இயல்பிலேயே கொஞ்சம் அமிலம். போர் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் அந்தக் கலவையும் காரமாக மாறும் என்பதால், பழைய மண்ணில் அவ்வப்போது புது நார்க்கழிவும் தொழுவுரமும் சேர்க்கிறேன்.

வாங்கும்போது நீராவியில் வேகவைத்த தூளா என்று பாருங்கள். நம் உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி அதில் மொத்த மணிச்சத்து குறைந்தது 22 சதவீதம் இருக்க வேண்டும்; வேகவைக்காததில் 20. கரையும் பங்கும் வேகவைத்ததில்தான் அதிகம், நாற்றமும் குறைவு. தழைச்சத்து (நைட்ரஜன்) கொஞ்சம்தான், சாம்பல் சத்து (பொட்டாசியம்) இல்லையென்றே சொல்லலாம். அதனால் இதை மட்டும் நம்ப முடியாது. நடுவில் கடலைப் புண்ணாக்கு ஊறவைத்த தண்ணீரும் கொடுக்கிறேன்.

மேலே தூவினால் பயனில்லை. மணிச்சத்து மண்ணில் அதிகம் நகராது, போட்ட இடத்திலேயே நிற்கும். வேர் இருக்கும் ஆழத்தில் கலக்க வேண்டும். நடும்போது ஒரு கைப்பிடி, அப்புறம் நாலு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு ஸ்பூன் கிளறிவிட்டால் போதும். கூடவே பாஸ்போபாக்டீரியா என்ற நுண்ணுயிர் உரம் கலந்தால் கரைவதற்கு உதவும். பூக்கவில்லையே என்று அள்ளி அள்ளிப் போடாதீர்கள். மணிச்சத்து மிஞ்சினால் இரும்பும் துத்தநாகமும் செடிக்குக் கிடைக்காமல் இளம் இலை வெளுக்கும். தூள் பறக்கும், மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

தரையில் போட்டால் இன்னொரு தொல்லை, தெருநாய். எலும்பு வாசனைக்கு இரவோடு இரவாகத் தோண்டிவிடும். எலியும் வரும்.

வீட்டுக்குள்ளும் ஒரு வழக்கு நடந்தது. "ஏங்கண்ணு, சாமிக்கு வைக்கற பூவுக்கு எலும்பா?" என்றார் மாமியார். நியாயமான கேள்வி. துளசிக்கும் நந்தியாவட்டைக்கும் இப்போது ராக் பாஸ்பேட். அது மணிச்சத்து உள்ள தாதுப் பாறைத் தூள், அதற்கும் அமில மண் வேண்டும். ஆனால் பூஜையறைப் பிரச்சினை இல்லை.

எலும்பு எளிதில் கரையாத சிக்கல் இன்று வந்ததல்ல. 1842-ல் இங்கிலாந்தில் ஜான் பென்னட் லாஸ் எலும்பு முதலான பாஸ்பேட்டுகளைக் கந்தக அமிலத்தில் பக்குவப்படுத்தி, எளிதில் கரையும் சூப்பர் பாஸ்பேட் உரமாக்கக் காப்புரிமை வாங்கினார். மண்ணில் இல்லாத அமிலத்தைத் தொழிற்சாலையிலேயே சேர்த்துவிடும் வேலை அது. இயற்கை வழியில் போகிறவர்களுக்கு அது ஒத்துவராது. நான் தரைக்கு நன்றாக மக்கிய தொழுவுரத்தில் பாஸ்போபாக்டீரியா கலந்து போடுவதோடு நிறுத்திக்கொண்டேன்.

மல்லிக்கு மட்டும் காலம் பார்த்துப் போடுங்கள். நவம்பர் கடைசியில் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்யும்போதே வேரடியில் கலந்துவிட்டால், மெதுவாகக் கரைந்து மாசி, பங்குனியில் மொட்டு பிடிக்கும் நேரத்துக்குக் கிடைக்கும். மொட்டு வந்தபிறகு போட்டால் அது அடுத்த பருவத்துக்குத்தான்.