இறுகிப்போன ஷாக் போல்ட்: ஊறப்போடுவதா, சுடுவதா, அறுப்பதா?

காரின் பின்பக்க ஷாக் (குலுக்கலை அடக்கும் ஷாக் அப்சார்பர்) இரண்டும் எண்ணெய் கக்கிவிட்டன. ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கினால் வண்டியின் பின்பாதி மூன்று தடவை ஆடிவிட்டுத்தான் நிற்கும். மேலே ஒரு நட், கீழே ஒரு போல்ட், பக்கத்துக்கு அரை மணி நேரம் என்று கணக்குப் போட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மதுரை பசுமலையில் வீட்டு வாசலிலேயே ஜாக்கி போட்டேன். வண்டி 1998 மாருதி ஜென். என் கைக்கு வருவதற்கு முன் எட்டு வருடம் ராமேசுவரத்தில் ஓடியது. இதைச் சொன்னாலே விவரம் தெரிந்தவர்களுக்கு மீதிக் கதை புரிந்துவிடும்.

மதுரையிலேயே இருந்த வண்டிக்கு இவ்வளவு துரு ஏறாது. இங்கே அடிப்பது காய்ந்த காற்று. ஐப்பசி கார்த்திகை மழையை விட்டால் வண்டியின் அடியில் ஈரம் நிற்பதில்லை. ஆனால் கடற்காற்றின் உப்பு ஒருமுறை மரைக்குள், அதாவது போல்ட்டின் திருகு வரிக்குள், போய் உட்கார்ந்துவிட்டால், அப்புறம் எந்த ஊருக்குக் கொண்டுவந்தாலும் ஒவ்வொரு மழைக்கும் விட்ட இடத்திலிருந்து அரிக்கும். துருவுக்கு இரும்பைவிட இடம் அதிகம் வேண்டும். இடைவெளியே இல்லாத இடத்தில் அது பருத்தால், ஆப்பு அடித்த மாதிரிதான்.

இறுகிய போல்ட்டுக்கு ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். ஒருவர் ஊறவை என்பார், ஒருவர் ஸ்பேனரில் குழாயைச் சொருகி ஏறி நில் என்பார், ஒருவர் கேஸ் வெல்டிங் கடைக்கு ஓட்டிப் போ என்பார், இன்னொருவர் வட்டு சுழற்றி இரும்பை அறுக்கும் ஏஜி ஃபோர் கிரைண்டர் மிஷினை எடு என்பார். நான்கையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஷாக் போல்ட்டில் பிடிப்பது இரண்டு இடம். எந்த இடம் என்று தெரியாமல் எந்த வைத்தியமும் செய்யக்கூடாது.

முதல் இடம் மரை. போல்ட்டும் நட்டும் சேர்ந்து துருப்பிடித்திருக்கும், நட் அசையவே அசையாது. இரண்டாவது இடம் புஷ். ஷாக்கின் கீழ்க்கண்ணில் ரப்பர் புஷ் இருக்கும், அதன் நடுவில் ஓர் இரும்புக்குழல், போல்ட் அதற்குள் நுழைந்து போகும். அந்தக் குழலும் போல்ட்டின் உடம்பும் ஒட்டிக்கொண்டால் நட் சமர்த்தாகக் கழன்று கையில் வந்துவிடும், போல்ட் மட்டும் வராது. அறிகுறி தெளிவாகவே தெரியும். போல்ட் தலையில் ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் கால் சுற்று போகும், கையை விட்டால் பழைய இடத்துக்கே திரும்பி வரும். திரும்புவது போல்ட் இல்லை, ரப்பர் முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. எனக்கு இடது பக்கம் முதல் வகை, வலது பக்கம் இரண்டாம் வகை.

ஊறவைப்பதை எடுத்துக்கொள்வோம். டபிள்யூடி-40 டப்பாவை எல்லோரும் நம்புகிறோம். அந்தப் பெயரின் அர்த்தமே நீரை விலக்கும் கலவை, 40-வது முயற்சி என்பதுதான்; 1953-இல் அமெரிக்காவில் துருப்பிடிக்காமல் காக்கவென்று செய்தது. பிடித்த துருவை இளக்குவதும் செய்யும், ஆனால் அதற்கென்றே வரும் ரஸ்ட் ரிமூவர் ஸ்ப்ரே அதைவிடத் தேவலை. பட்டறைகளில் டீசலும் மண்ணெண்ணெயும் ஊற்றுவதைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் பலிக்கும், பொறுமைதான் வேண்டும். எதை ஊற்றினாலும் முதலில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். சேறும் துருத்தூளும் அடைத்திருந்தால் எண்ணெய் எந்த வழியாக உள்ளே போகும்? சனிக்கிழமை சாயங்காலம் ஒரு தடவை, படுக்கப்போகும் முன் ஒரு தடவை, காலையில் ஒரு தடவை. நடுநடுவே சுத்தியலால் நட்டின் பக்கவாட்டில் லேசாகத் தட்டினால் எண்ணெய் நன்றாக இறங்கும்.

10 மில்லிமீட்டர் நட்டுக்குள் மொத்தமே ஆறேழு மரைதான். எண்ணெய் ஊர்ந்து கடந்துவிடக்கூடிய தூரம். புஷ் குழல் அப்படியில்லை, விரல் நீளத்துக்கு இருக்கும், இரண்டு வாயையும், ஷாக்கைப் பிடித்திருக்கும் இரும்புத் தாங்கியான பிராக்கெட் அடைத்துக்கொண்டிருக்கும். அங்கே ஒரு டப்பா முழுவதையும் அடித்தாலும் ரப்பர்தான் குளிக்கும். இடது பக்கம் ஊறவைத்தது ஜெயித்தது. வலது பக்கம் இரண்டு ராத்திரி ஊறியும் ஒரு பலனும் இல்லை.

பலத்தைக் காட்டுவது அடுத்தது. ஜப்பான் வழி வந்த வண்டிகளில் 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 14 நம்பர் ஸ்பேனர், 12 மில்லிமீட்டருக்கு 17 நம்பர் என்பது வழக்கம். முதல் விதி, திறந்தவாய் ஸ்பேனரைத் தொடவே கூடாது. பன்னிரண்டு முனை ரிங்கும் வேண்டாம். ஆறு முனை சாக்கெட்தான். துரு தின்ற நட்டின் முனைகள் மழுங்கிவிட்டால் அதோடு நான்கில் இரண்டு வழி அடைபட்டுப்போகும். குழாய் சொருகுவதில் உள்ள ஆபத்தைக் கணக்காகவே சொல்லலாம். தலையில் 8.8 என்று பலத்தின் தரம் பொறித்த 10 மில்லிமீட்டர் போல்ட்டைச் சாதாரணமாக இறுக்குவது 45-50 நியூட்டன் மீட்டர். ஸ்பேனரும் குழாயுமாக இரண்டடி நீளத்தில் 50 கிலோ எடையை ஏற்றினால் கிட்டத்தட்ட 300. நட் கழலும், இல்லையென்றால் போல்ட் முறியும். முறிவதற்கு முன் ஒருமாதிரி வெண்ணெயில் திருப்புவது போல இதமாகத் திரும்பும், ‘ஆஹா, வருகிறது’ என்று சந்தோஷப்படுவோம். அந்தச் சந்தோஷத்தை நம்பாதீர்கள்.

இம்பாக்ட் ரெஞ்ச் இதைவிட நல்ல வழி. ஒரே இழுப்பாக இழுக்காமல் படபடவென்று அடித்து அடித்துத் திருப்புவதால் துருவின் பிடி நொறுங்கும். கையில் மிஷின் இல்லையென்றால் அதே யுக்தியைக் கையால் செய்யலாம்: கொஞ்சம் கழற்று, கொஞ்சம் இறுக்கு, எண்ணெய் விடு, மறுபடி கழற்று. ஆனால் புஷ்ஷில் ஒட்டிய போல்ட்டுக்கு இம்பாக்ட்டும் உதவாது. அது கொடுக்கும் ஒவ்வோர் அடியையும் ரப்பர் வாங்கி முழுங்கிவிடும்.

சரி, சூடு. என் பார்வையில் மரைப்பிடிப்புக்கு இதைவிட வேகமான மருந்து கிடையாது. இரும்பு நூறு டிகிரி சூட்டுக்கு மீட்டருக்கு 1.2 மில்லிமீட்டர் நீளும். 10 மில்லிமீட்டர் நட்டை முந்நூறு டிகிரி ஏற்றினால் விரிவது ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று நான்கு பங்குதான், மயிரிழைக்கும் குறைவு. துருவின் பிடியை உடைக்க அதுவே போதும். நட்டை மட்டும் சுட வேண்டும், போல்ட்டைச் சுடக்கூடாது. இரண்டும் சேர்ந்து விரிந்தால் என்ன லாபம்?

ஆனால் ஷாக்குக்குப் பக்கத்தில் தீ என்பது எனக்குப் பிடிக்காத வேலை. கேஸ் ஷாக் என்றால் உள்ளே அழுத்தத்தில் வாயு இருக்கிறது, எண்ணெயும் இருக்கிறது. அதன் உடம்பில் தீ பட்டால் வெடிக்கலாம். பின்பக்கம் பெட்ரோல் டேங்க் எட்டும் தூரம். பிரேக் ஹோஸ் ரப்பர். புஷ்ஷைச் சுட்டால் கிளம்பும் புகை தெருவையே கூட்டிவிடும். பிரேக் கிளீனர் ஸ்ப்ரே அடித்த இடத்தில் தீ வைக்கவே கூடாது. அதில் சில வகையில் குளோரின் சேர்ந்த கரைப்பான் உண்டு, சூடு பட்டால் விஷவாயு வரும். மேலேயும் கீழேயும் திறந்த இடம், பக்கத்தில் ஈரச்சாக்கு, தண்ணீர் வாளி, கைப்பழக்கம் உள்ள வெல்டர், இத்தனையும் இருந்தால் சூடு. இல்லையென்றால் வேண்டாம்.

கழலாத வலது பக்க போல்ட்டோடு வண்டியை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை தெரு முனைப் பட்டறைக்குத்தான் போனேன். அதுவரை நட்டைப் போல்ட் நுனியோடு சமமாக வைத்து, மரை நசுங்காமல் சம்மட்டியால் அடித்துக்கொண்டிருந்தேன்.

“அண்ணே, இன்னும் நாலு அடி அடிச்சா வந்துரும்ல?”

மெக்கானிக் அண்ணன் குனிந்து பார்த்தார். “வரும் தம்பி. போல்ட் வராது, பிராக்கெட் வரும்.”

அவர் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. ஷாக் குப்பைக்குப் போகப்போவது, போல்ட்டும் புதிதுதான் போடப்போகிறோம், அது நூறு ரூபாய்க்குள் முடிகிற சாமான். ஆக்சிலில் வெல்டு செய்த பிராக்கெட்தான் மாற்ற முடியாதது. காப்பாற்ற வேண்டியது அதை. போல்ட்டைப் பத்திரமாகக் கழற்றுகிறேன் என்று இரண்டு நாள் போராடியது என் முட்டாள்தனம்.

அவர் ஏஜி ஃபோரை எடுக்கவில்லை. புஷ்ஷுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் இருக்கும் சந்துக்குள் நான்கு இஞ்ச் வட்டு போகாது, போனாலும் பொறி டேங்க் பக்கம் பறக்கும். ஒரு ஆக்ஸா பிளேடை சட்டத்திலிருந்து கழற்றி, ஒரு முனையில் பழைய துணியைச் சுற்றிக் கைப்பிடியாக்கி, அந்தச் சந்தில் நுழைத்து அறுக்க ஆரம்பித்தார். முதலில் ரப்பரின் ஓரம், அப்புறம் குழல், அப்புறம் போல்ட். அவ்வப்போது இரண்டு சொட்டு எண்ணெய். ஒரு பக்கம் இருபது நிமிடம், மறுபக்கம் இன்னும் இருபது, நடுவில் ஒரு டீ, மொத்தம் மூன்று பிளேடு. ஷாக் போல்ட் துண்டோடு அப்படியே கீழே தொங்கியது. பிராக்கெட்டில் ஒரு கீறல் இல்லை.

இந்த வேலையில் எனக்கு அறுப்பதுதான் முதல் இடம். ஊறவைப்பது மரைக்கு மட்டும், சூடு கடைசி. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. போல்ட் பாடிக்குள் வெல்டு செய்த நட்டில் போய் இறுகும் வண்டிகளில் இந்த வரிசை செல்லாது. அங்கே போல்ட் முறிந்தாலும் அறுத்தாலும் மிச்சம் உள்ளேயே நிற்கும், துளை போட்டு எடுத்து மரை வெட்ட லேத் ஆள் வரை போக வேண்டும். அங்கே எத்தனை நாள் ஆனாலும் ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும்.

மேல் நட்டு வேறு தலைவலி. நட்டைத் திருப்பினால் ஷாக்கின் தண்டும் கூடவே சுற்றும். தண்டின் தலையில் பட்டை சீவியிருந்தால் சின்ன ஸ்பேனரில் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்பலாம். பட்டையும் துருவில் போயிருந்தால் டிக்கிக்குள் உட்கார்ந்து நட்டை உளியால் பிளப்பதுதான் சுலபம். பழைய ஷாக்கின் தண்டுதானே, அடிபட்டால் என்ன. ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த முன்பக்க ஸ்ட்ரட்டில் மட்டும் இந்த நட்டில் கை வைக்காதீர்கள். ஸ்பிரிங்கைக் கிளாம்ப் போட்டு அமுக்காமல் கழற்றினால் ஆளையே அடித்துவிடும்.

புதிய போல்ட்டின் உடம்பில், குழலுக்குள் போகும் பகுதியில் மட்டும், கிரீஸ் தடவிப் போட்டோம். மரையில் தடவவில்லை, வழுக்கினால் அதே டார்க்குக்கு (திருப்பும் விசைக்கு) அளவுக்கு மீறி இறுகும். கீழ் போல்ட்டை ஜாக்கியில் தொங்கும்போது முழுதாக இறுக்காமல், வண்டியை இறக்கிச் சக்கரம் தரையில் நின்ற பிறகுதான் இறுக்கினார். தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் எந்நேரமும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும்.

இடது பக்க போல்ட் நன்றாகத்தான் வந்தது, அதையும் சேர்த்து மாற்றிவிட்டார். பழைய ஷாக் இரண்டும் இரும்புக் கடைக்காரரின் தராசில் ஏறின, வலது பக்கத்தது போல்ட் துண்டோடு சேர்ந்தே.