பாஸ் இல்லாத கராஜ்: பஞ்சிகாவத்தையிலுள்ள ஒரு பணிமனை பற்றிய மதிப்பீடு

கொழும்பின் பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நெருக்கமாக நிற்கும் ஓர் ஒழுங்கைக்குள் இருக்கும் அந்தச் சிறிய கராஜ், அதன் உரிமையாளர் சென்ற ஆண்டு காலமான பின்னரும் வழக்கம்போலத் திறந்திருக்கிறது. குடும்பத்தினர் விளம்பரத்தை விரும்பாததால் பெயரைத் தவிர்க்கிறேன். களுத்துறைக்கு அருகிலுள்ள கட்டுக்குருந்தையில் நடக்கும் கார்ப் பந்தயங்களுக்குப் போய் வந்தவர்கள் 'பாஸ்' என்றாலே அவரை அடையாளம் கண்டுகொள்வார்கள். நேர் ஓடுபாதையில் 402 மீட்டர் தூரத்தை யார் முதலில் கடப்பது என்ற ட்ராக் (drag) பந்தயத்தில் அவர் பல காலம் கார் ஓட்டினார். ஆனால் வென்ற கிண்ணங்களுக்காக அவரை நினைவுகூர்பவர்கள் குறைவு. எதிரணிக் காரின் ட்ரைவ் ஷாஃப்ட் (எஞ்சின் விசையைச் சக்கரத்துக்குக் கடத்தும் தண்டு) உடைந்தபோது தன்னிடமிருந்த மாற்று ஷாஃப்டைக் கழற்றிக் கொடுத்து, அதே காரிடம் தோற்றுவிட்டுக் கைகொடுத்த மனிதர் என்றே அவரைப் பற்றிப் பேசுகிறார்கள். 2022இல் பெற்றோல் வரிசைகளில் நாட்கணக்கில் காத்திருந்த முச்சக்கரவண்டி ஓட்டுநர்களுக்குக் கூலி வாங்காமல் கார்பரேட்டரைச் சுத்தம் செய்து கொடுத்ததையும் அந்த ஒழுங்கை இன்னும் மறக்கவில்லை.

அவருக்குப் பின்னும் அந்தச் சேவையின் தரம் நிலைத்திருக்கிறதா என்பதுதான் என்னிடம் பலர் கேட்கும் கேள்வி. என் பழைய டொயோட்டா ஸ்டார்லெட் காரை அண்மையில் அங்கே விட்டு எடுத்ததை வைத்துச் சொல்கிறேன்: பாதுகாப்பு சார்ந்த வேலைகளில் நிலைத்திருக்கிறது, முழுமையாகவே நிலைத்திருக்கிறது.

எஞ்சினின் வலுவைக் கூட்டித் தரும்படி வரும் இளைஞர்களிடம் பாஸ் முதலில் பிரேக்கைத்தான் பார்ப்பார். "தம்பி, ஓடுறதுக்கு முதல் நிக்கப் பழகுவம்" என்பார். அவரது சீடர்கள் இருவரும், ஒருவர் தமிழர், மற்றவர் சிங்களவர், இன்றும் அதே வரிசையில்தான் வேலை செய்கிறார்கள். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் என்பதாலும், ஈரம் ஏறிய எண்ணெய் சூட்டில் விரைவாகக் கொதித்து மிதிகட்டையைப் பயனற்றதாக்கிவிடும் என்பதாலும், கொழும்பைப் போன்ற கடலோர நகரத்தில் அதை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் மாற்ற வேண்டும் என்று கேளாமலே விளக்கினார்கள். முன்சக்கரங்களால் இயங்கும் கார் வேகமாகக் கிளம்பும்போது பாரம் பின்னோக்கிச் சாய்வதால் முன்சக்கரங்கள் பிடி தளர்ந்து துள்ளுகின்றன. ட்ரைவ் ஷாஃப்ட் முறிவதற்கு அந்தத் துள்ளலே பெரும்பாலும் காரணம். ஆகவே சக்கரத்தைத் தாங்கும் கையிலுள்ள றப்பரான லோவர் ஆம் புஷ், எஞ்சினைத் தாங்கும் எஞ்சின் மவுண்ட் இரண்டையும் சரிபார்க்காமல் எந்தக் காரையும் அவர்கள் வெளியே விடுவதில்லை. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் பல ஆண்டுகள் பழைய ஜப்பானிய வாகனங்களையே கட்டிக் காத்த நமக்கு இந்தக் கவனம் பந்தயத்திற்கு வெளியிலும் பெறுமதியானது.

சுவரில் எரிக் மெட்லன் என்ற அமெரிக்க ட்ராக் பந்தய வீரரின் படம் பாஸ் மாட்டிய இடத்திலேயே இருக்கிறது. 2007 மார்ச்சில் ஃபுளோரிடாவின் கெய்ன்ஸ்வில்லில் நடந்த பரிசோதனை ஓட்டத்தின்போது ஒரு டயர் பழுதாகி அவரது கார் கடுமையாக அதிர்ந்தது; தலை பாதுகாப்புக் கூண்டின் கம்பிகளில் திரும்பத் திரும்ப மோதியதால் நான்கு நாட்களுக்குப் பின் தனது 33ஆவது வயதில் அவர் இறந்தார். அவரது காரின் தலைமைப் பொறுப்பாளராக இருந்த தந்தை ஜோன் மெட்லன், அந்தத் துயரத்தின் நடுவிலேயே கூண்டின் அமைப்பையும் தலையைச் சுற்றிய மெத்தைகளையும் மேம்படுத்தும் ஆராய்ச்சியில் இறங்கினார். ரோல் கேஜ் எனப்படும் அந்தப் பாதுகாப்புக் கூண்டைப் பொருத்த வரும் ஒவ்வொருவருக்கும் பாஸ் இதைச் சொல்வார். சொல்லும்போது குரல் தழுதழுக்கும். அதை மறைக்க அவர் முயன்றதில்லை. இப்போது சீடர்கள் அதிகம் பேசுவதில்லை, ஆனால் ஓட்டுபவருக்கு ஹெல்மெட்டை அணிவித்து உட்காரவைத்து, தலைக்கும் கம்பிக்கும் இடையிலான வெளியைக் கையால் அளந்து பார்த்த பிறகே மெத்தையை ஒட்டுகிறார்கள். பந்தய இருக்கைப் பட்டியின் காலாவதித் திகதி கடந்திருந்தால் பொருத்த மறுக்கிறார்கள், வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு போனாலும் சரி.

குறையும் உண்டு. எஞ்சின் ஓசையைக் கேட்டே கோளாற்றைச் சொன்ன அந்தக் காது அவரோடு போய்விட்டது. கணினி வழியான ட்யூனிங்கை இவர்கள் செய்வதில்லை. தெரியாது என்று நேராகச் சொல்லி வேறிடம் அனுப்புகிறார்கள். பாஸின் காலத்தில் வாய்மொழியாக இருந்த கணக்கு இப்போது எழுத்தில் வருகிறது, கழற்றிய பழைய பாகங்களையும் பையில் இட்டுத் தருகிறார்கள். இந்த மாற்றம் எனக்குப் பிடித்திருக்கிறது. இருவரே வேலை செய்வதால் சொன்ன நாளில் கார் கிடைப்பது அரிது. அவசரம் என்றால் வேறு கராஜைப் பார்ப்பது நல்லது.

பிரேக், சஸ்பென்ஷன், ரோல் கேஜ் வேலைகளுக்கு நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். ஒழுங்கைக்குள் வாகனம் நிறுத்த இடமில்லை. கடைகள் திறக்குமுன் காலையிலேயே கொண்டுபோய் விடுங்கள். பந்தயத்திற்குத் தயார்செய்வதாக இருந்தால் உங்கள் ஹெல்மெட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள், அதில்லாமல் கூண்டு அளவெடுக்க மாட்டார்கள்.