சயாமீஸ் ஆல்கே ஈட்டர்: பாசியை முடித்தது, தீனியைப் பிடித்துக்கொண்டது

திருநெல்வேலி பெருமாள்புரத்து நண்பர் போன வாரம் போனில் கேட்டார்: "அண்ணாச்சி, மீன் கெடக்குற செடித்தொட்டியில கரும்பாசி அப்பிக் கெடக்கு. எந்த மீனை விட்டாத் தின்னும்?" பதில் ஒரே வரிதான், சயாமீஸ் ஆல்கே ஈட்டர். ஆனால் அதோடு வாயை மூடிக்கொள்ள என்னால் முடியவில்லை. சில வருஷமாக அந்த மீனோடு குப்பை கொட்டுகிறவனுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, அதில் பாதி திட்டு.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். என்னுடையது நாலடித் தொட்டி, அதில் இந்த மீன் இரண்டு. விட்ட சமயத்தில் அனுபியாஸ் இலைகளின் ஓரமெல்லாம் கரும்பாசி குச்சம் குச்சமாகத் தொங்கியது. அது விரலால் தேய்த்தாலும் போகாது, பழைய பல் பிரஷ்ஷுக்கும் அசையாது, இலையோடு கிள்ளி எறிய வேண்டியதுதான். அனுபியாஸோ மெதுவாக வளர்கிற செடி, கிள்ளினால் அடுத்த இலைக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இந்தப் பயல்கள் துடுப்பையும் வாலையும் ஊன்றி இலைமேல் உட்கார்ந்து, உதட்டைக் கவிழ்த்து, குச்சத்தை நுனியிலிருந்து வெடுக் வெடுக்கென்று பிடுங்கின. ஒரு மாதம் போவதற்குள் இலை ஓரம் பச்சையாகத் தெரிந்தது. கரும்பாசியைத் தின்கிற மீன் மிகக் குறைவு. அந்த ஒரு வேலையில் இதற்கு ஈடு இல்லை.

அப்புறம் தீனியின் ருசி தெரிந்துவிட்டது.

அன்றிலிருந்து இது வேறு மீன். மூடியைத் தொட்டாலே முன்கண்ணாடிக்கு ஓடி வரும். மிதக்கிற தீனிக்காக வயிற்றை மேலே காட்டி மல்லாந்து விழுங்கும். கீழே கிடக்கும் கோரிடோரஸுக்காகப் போடுகிற வில்லையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு கிட்டே வருகிறவனை விரட்டும். பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்து கடைசிப் பாயசம் வரை எழுந்திருக்காத மாமா மாதிரி. நியான் டெட்ராக்கள் ஓரத்தில் நின்று பார்க்க வேண்டியதுதான். அதே நேரம் பின்பக்கம் ஃபில்டர் குழாயின் வாயில் கரும்பாசி திரும்பத் துளிர்த்துக்கொண்டிருக்கும். அதன் பக்கம் தலைகூடத் திருப்பாது.

நியாயமாகச் சொன்னால் மீன்மேல் தப்பில்லை. இளசாக இருக்கும்போது பாசி மேயும், ஐந்தாறு அங்குலம் வளர்ந்த பிறகு லேசாகக் கிடைக்கிற தீனிக்குத் தாவும். அதன் சுபாவம் அது. தீனியை நிறுத்தி இரண்டு நாள் பட்டினி போட்டால் பழைய தொழிலுக்குத் திரும்பும் என்பார்கள். திரும்பும்தான், ஆனால் போகிற வழியில் ஜாவா மாஸ் செடியையும் கடித்துக் குதறிவிட்டுத்தான் போகும். அதோடு, இது ஒன்றைத் திருத்த டெட்ராக்கள் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்? இதை எழுதும்போதே எனக்கு எரிச்சல் வருகிறது.

வாங்கப் போகிறவர்கள் கடையில் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். "ஆல்கே ஈட்டர்" என்று கேட்டால் பல இடங்களில் கவரில் போட்டுத் தருவது சைனீஸ் ஆல்கே ஈட்டர். மஞ்சளாக, பார்க்க அழகாகவே இருக்கும். வாய் உறிஞ்சி மாதிரி கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் அது சைனீஸ்தான். பெரிதானால் முரட்டுத்தனம் வந்துவிடும், தட்டையான மீன்களின் உடம்பில் ஒட்டி வழுவழுப்பை உறிஞ்சும். சயாமீஸ் அப்படி ஒட்டாது, சும்மா உட்காரும். மூக்கில் தொடங்கும் கருங்கோடு வால்துடுப்பின் கடைசி வரை ஓடும், துடுப்புகள் நிறமில்லாமல் இருக்கும். கோட்டுக்கு மேலே பொன்வரியும் துடுப்பில் கருப்பும் தெரிந்தால் அது ஃப்ளையிங் ஃபாக்ஸ் என்கிற வேறு மீன். இன்னொன்று, சயாமீஸ் துள்ளும். மூடி இல்லாத தொட்டிக்கு ஆகாது.

சக்கர் மீனைச் செடித்தொட்டிக்குச் சொல்கிறவர்களை என்ன செய்வது? விரல் நீளத்தில் வாங்கியது ஒரு அடிக்கு மேல் வளர்ந்து செடியை வேரோடு கிளப்பும். வைத்துக்கொள்ள முடியவில்லை என்று பாளையங்கால்வாயிலோ நயினார்குளத்திலோ கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும். தென்னமெரிக்காவிலிருந்து வந்த அந்த மீன் தமிழ்நாட்டு ஏரி குளங்களில் பெருகி வலைகளைக் கிழித்துக்கொண்டிருப்பது போதும். அதே குடும்பத்தில் சின்னதான பிரிசில்நோஸ் பரவாயில்லை, கண்ணாடியையும் மரக்கட்டையையும் சுத்தமாக வைக்கும். ஆனால் கரும்பாசியைச் சீந்தாது, அது போடுகிற எச்சத்தை அள்ளி மாளாது.

ஒட்டோ சாதுவான மீன், கட்டைவிரல் அளவுதான், இலையில் படியும் பழுப்புப் பாசியை நக்கி எடுக்கும். பெரும்பாலும் ஆற்றில் பிடித்து அனுப்புவது என்பதால் வரும் வழியிலேயே வயிறு காய்ந்திருக்கும். வயிறு ஒட்டியதை வாங்கினால் தேறாது. நம்மூர் கத்திரி வெயிலில் தொட்டித் தண்ணீர் முப்பது டிகிரியைத் தாண்டும்போது அதற்கு மூச்சு முட்டும். சயாமீஸ் அதைத் தாங்கியது. மேலே ஒரு சின்ன ஃபேன் ஓடவிட்டேன், அவ்வளவுதான்.

எந்த மீனும் பாசியின் காரணத்தைத் தின்னாது. தின்ற பாசி எச்சமாக அதே தண்ணீரில்தான் விழுகிறது. என் தொட்டியில் கடைசியில் பாசி அடங்கியது, டைமர் போட்டு விளக்கை ஏழு மணி நேரமாகக் குறைத்து, வாரம் ஒருமுறை தவறாமல் தண்ணீர் மாற்றி, வாலிஸ்னேரியா செடியை அடர்த்தியாக விட்ட பிறகுதான். மீனுக்கு எவ்வளவு பங்கு என்றால் முதல் மாதத்துக்கு முழு மார்க் கொடுப்பேன், அதற்குப் பிறகு பூஜ்யம்.

ஆகவே நண்பருக்கு நான் சொன்ன தீர்ப்பு: வாங்காதிய. விளக்கைக் குறைங்க, நெரைட் நத்தை நாலு விடுங்க. அது கண்ணாடியிலும் கட்டையிலும் வெள்ளை முட்டையாக ஒட்டி வைக்கும், சகித்துக்கொள்ளலாம். "அப்போ ஒங்க ரெண்டையும் எனக்குத் தந்துருங்களேன், கரும்பாசியத் தின்னட்டும்" என்றார். தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.