1983 என்று விற்கப்பட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர்: கிட்டார் சேகரிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பழைய மாடல்களின் மறுவெளியீட்டு கிட்டார்களைச் சேகரிப்பவர்கள், குறிப்பாக கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் ஊரில் தயாரான ஃபெண்டர் நிறுவனக் கிட்டார் ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பவர்கள், பணத்தைக் கொடுக்கும் முன் இந்தப் பதிவை முழுவதும் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். தெற்குக் கலிபோர்னியாவில் பழைய கிட்டார்களுக்கென்றே பெயர் வாங்கிய ஒரு கடையில், 1983இல் தயாரான '62 ஸ்ட்ராட்டோகாஸ்டர் மறுவெளியீடு (ஃபெண்டரின் 1962 மாடலை அதே அமைப்பில் மீண்டும் செய்தது) என்று சொல்லி 4,200 டாலருக்கு எனக்கு ஒரு கிட்டாரை விற்றார்கள். அதில் 1983ஐச் சேர்ந்தது என்று சொல்லக்கூடியது முதுகுப்புறத்தில் இருந்த ஒரு சிறிய உலோகத் தகடு மட்டுமே. வழக்குத் தொடுத்திருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. ஏமாற்று நடந்த முறையை மட்டும் விரிவாக எழுதுகிறேன்; திருப்புளி பிடிக்கத் தெரிந்த எவரும் அதைச் செய்துவிட முடியும் என்பதே என் கவலை.

இந்தக் குறிப்பிட்ட கிட்டாருக்கு ஏன் இவ்வளவு விலை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். லியோ ஃபெண்டர் தன் நிறுவனத்தை 1965 ஜனவரியில் சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனத்திடம் விற்றார். அடுத்து வந்த ஆண்டுகளில் தரம் இறங்கிவிட்டது என்று வாசிப்பவர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். 1965க்கு முந்தைய கிட்டார்களைத் தேடிப் பிடித்து அதிக விலை கொடுத்து வாங்கவும் தொடங்கினார்கள். அந்தத் தேவையைப் புரிந்துகொண்டு நிறுவனமே 1982இல் '52 டெலிகாஸ்டர், '57 ஸ்ட்ராட்டோகாஸ்டர், '62 ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஆகியவற்றைப் பழைய அமைப்பிலேயே மீண்டும் வெளியிட்டது. 1985இல் பில் ஷுல்ட்ஸ் தலைமையில் ஊழியர்களும் முதலீட்டாளர்களும் ஃபெண்டரை சிபிஎஸ்ஸிடமிருந்து வாங்கியபோது, ஃபுல்லர்ட்டன் தொழிற்சாலைக் கட்டடங்கள் அந்த விற்பனையில் சேரவில்லை. உற்பத்தி அதே மாநிலத்தின் கொரோனா நகருக்குப் போயிற்று. ஆகவே, மூலக் கிட்டார்கள் பிறந்த அதே ஊரில் மறுவெளியீடுகளும் தயாரானது ஏறக்குறைய மூன்று ஆண்டுகள்தான். சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை கொடுப்பது அந்தக் குறுகிய காலத்துக்காகவே. அதே அமைப்பில், நல்ல தரத்தில், 1990களில் கொரோனாவில் தயாரான '62 மறுவெளியீடு ஏறக்குறைய அதில் பாதி விலைக்குக் கிடைக்கும்.

கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்தறிவது கடினம். இரண்டிலும் விரல்பலகையின் வளைவு ஆரம் ஏழேகால் அங்குலம்; இரண்டிலும் மெல்லிய பழைய பாணி ஃப்ரெட்டுகள்; இரண்டிலும் ஆறு திருகுகள் தாங்கும் ட்ரெமலோ பிரிட்ஜ். இரண்டிலும் நெக்கையும் (விரல்பலகை உள்ள கழுத்து) பாடியையும் (உடல்) நான்கு திருகுகளால் இணைக்கும் தகட்டில் 'வி' எழுத்தில் தொடங்கும் வரிசை எண் பொறிக்கப்பட்டிருக்கும். கேடு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. ஒரு கிட்டாரின் வயதுக்குச் சாட்சியாக எல்லோரும் ஏற்றுக்கொள்ளும் எண், சில நிமிடங்களில் கழற்றி இன்னொரு கிட்டாரில் மாட்டிவிடக்கூடிய ஓர் உதிரிப் பாகத்தில் இருக்கிறது. ஃபெண்டரின் எண் பட்டியலும் இந்த வரிசைக்கு ஆண்டை உறுதியாகச் சொல்வதில்லை. நெக்கில் உள்ள தேதியைப் பார்த்துக்கொள்ளும்படியே சொல்கிறது. அந்தத் தேதியோ நெக்கின் அடிமுனையில், பாடிக்குள் பொருந்தி மறைந்திருக்கும் பகுதியில் இருக்கிறது. நெக்கைக் கழற்றாமல் அதை யாராலும் பார்க்க முடியாது.

கடையில் தொங்கிய விலைச் சீட்டில் '1983, ஃபுல்லர்ட்டன், முழுவதும் அசல்' என்று கையால் எழுதியிருந்தார்கள். ஃபியஸ்டா ரெட் எனப்படும் செந்நிறம். விளிம்புகளில் இயல்பான தேய்மானம். வாசிக்கவும் நன்றாகவே இருந்தது. நெக்கைக் கழற்றித் தேதியைக் காட்டும்படி நான் கேட்டேன். விற்பனையாளர் மறுத்துவிட்டார். "நாற்பது வருஷமா இந்த நெக்கை யாரும் கழற்றினதில்லை. அதுதான் இந்த கிட்டாரோட மதிப்பே. இப்போ திருகைத் தொட்டா அந்த மதிப்பு போயிடும்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் மிகப் பணிவாக விளக்கினார். கேட்பதற்கு நியாயமாக இருக்கும் இந்த வாதம் உண்மையில் நிற்காது. '62 அமைப்பில் நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற உலோகக் கம்பியைத் திருகும் இடம் நெக்கின் அடிமுனையில்தான் இருக்கிறது. நெக்கின் வளைவைச் சரிசெய்ய நெக்கைத் தளர்த்தியோ கழற்றியோ ஆக வேண்டும். நாற்பது ஆண்டுகள் வாசிக்கப்பட்ட, தந்திகளின் உயரம் ஒழுங்காக இருக்கிற ஒரு கிட்டாரின் நெக்கை ஒருமுறைகூடக் கழற்றவில்லை என்று ஒருவர் சொன்னால், அந்தப் பேச்சே சந்தேகத்துக்கு உரியது. அசலாக இருந்தால் பிரச்சினையே இல்லை, இல்லாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்கிறோம் என்று கடை மேலாளரும் வாய்மொழியாக உறுதி சொன்னார். அதன் பேரில்தான் வாங்கினேன்.

என் கிட்டார்களை வழக்கமாகப் பார்த்துத் தரும் லூத்தியரிடம் (கிட்டார் செய்து பழுதுபார்ப்பவர்) கொண்டுபோனபோது, அவர் தந்திகளைத் தளர்த்தி, நான்கு திருகுகளையும் எடுத்து, நெக்கைப் பிரித்து மேசை விளக்கின் கீழே திருப்பி வைத்தார். அடிமுனையில் பச்சை மையில் பதிந்திருந்த முத்திரை தெளிவாகவே தெரிந்தது: 1996. அவர் ஒன்றும் பேசாமல் பாடியின் முன்புறத்தில் உள்ள பிக்கார்ட் என்ற பிளாஸ்டிக் மூடியைக் கழற்றத் தொடங்கினார். உள்ளே மூன்று 'பாட்டுகள்' (pots: ஒலியளவையும் தொனியையும் கூட்டிக் குறைக்கும் மின்பாகங்கள்). மூன்றின் உறையிலும் 137 என்று தொடங்கும் எண். 137 என்பது பாட்டுகளைத் தயாரிக்கும் சிடிஎஸ் நிறுவனத்தின் குறியீடு, அடுத்த இரண்டு இலக்கங்கள் ஆண்டு, கடைசி இரண்டும் வாரம். மூன்றிலும் 96 என்றே இருந்தது. சால்டரிங்கும் தொழிற்சாலையில் செய்ததுபோலக் கலையாமல் இருந்தது. ஆக, பாகங்கள் ஒன்றுக்கொன்று நேர்மையாகவே பொருந்தின. மொத்த கிட்டாரும் 1996இல் கொரோனாவில் தயாரானது. பொருந்தாமல் நின்றது அந்தத் தகடு மட்டும்.

அதோடு முடியவில்லை. பிக்கார்டின் திருகுத் துளைகளுக்குள் சிவப்புச் சாயம் வழிந்து இறங்கியிருந்தது. வழக்கமாகத் தொழிற்சாலையில் சாயம் பூசிக் காய்ந்த பிறகே அந்தத் துளைகளைப் போடுவார்கள். துளைக்குள் சாயம் இருந்தால் பின்னால் யாரோ மறுபூச்சு செய்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். ஒரு துளையின் ஓரத்தில் சிவப்பு உதிர்ந்த இடத்தில் கீழே மஞ்சளும் பழுப்புமாக சன்பர்ஸ்ட் (நடுவில் வெளிறி விளிம்பில் கருக்கும் பூச்சு) தெரிந்தது. லூத்தியர் அறையை இருட்டாக்கி, புற ஊதா விளக்கை அதன் மேல் பிடித்தார். பழைய கிட்டார்களில் உள்ள வயதான நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் பூச்சு அந்த ஒளியில் பொதுவாக மஞ்சள் கலந்த பச்சையாக மினுங்கும். என் பழைய '52 டெலிகாஸ்டர் மறுவெளியீட்டை அருகில் வைத்தபோது அது அப்படி மினுங்கியது. இந்தச் சிவப்பு கிட்டார் மினுங்காமல் இருண்டே கிடந்தது. விளிம்புத் தேய்மானமும் மணல்தாளின் வேலை என்பதை நெருங்கிப் பார்த்தபோது ஒரே திசையில் ஓடிய நுண்கோடுகள் காட்டின. சாதாரண சன்பர்ஸ்ட் கிட்டாரைச் செந்நிறமாக்கி, பழையதாகக் காட்டி, பழைய தகட்டையும் மாட்டி விற்றிருக்கிறார்கள். மறுபூச்சு கண்ட கிட்டாரின் சேகரிப்பு மதிப்பு பெரிதும் விழுந்துவிடும் என்பதால், இது நல்ல 1996 கிட்டாருக்கான விலைக்குக்கூட இனிப் போகாது. எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது இந்தப் பகுதிதான். நேர்மையான, நன்றாகச் செய்யப்பட்ட ஒரு கிட்டாரை வெறும் விலைக்காகக் கெடுத்திருக்கிறார்கள்.

படங்களுடனும் லூத்தியரின் கடிதத்துடனும் கடைக்குப் போனேன். வாய்மொழி உறுதி எதுவும் தரவில்லை என்றார் அதே மேலாளர். நெக்கைக் கழற்றியதால் திருப்பி எடுக்கும் விதி பொருந்தாது என்றும் சொன்னார். அதாவது, பொய்யைக் கண்டுபிடிக்கும் ஒரே வழியைக் கையாண்டதே பொய்க்கு எதிரான உரிமையை இழக்கக் காரணமாம். கடைசியில் விலையில் ஒரு பகுதியை அதே கடையில் வேறு பொருள் வாங்கிக் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். மறுத்துவிட்டேன்.

கடன் அட்டையில் கொடுத்த பணம் என்பதால், விவரித்ததற்கு மாறான பொருள் என்று வங்கியில் முறையிட்டேன். ரசீதில் கடை எழுதியிருந்தது 'பழைய எலக்ட்ரிக் கிட்டார், சிவப்பு' என்பதும் அந்த 'வி' எண்ணும் மட்டுமே. ஆண்டு இல்லை, ஃபுல்லர்ட்டன் இல்லை, அசல் என்ற சொல் இல்லை. வங்கி கேட்டபோது, ரசீதில் உள்ள எண் கிட்டாரில் இருக்கிறது, அந்த எண் 1980களின் தொடக்கத்துக்கு உரியது என்று கடை பதில் அனுப்பியது. வங்கி அதை ஏற்றுக்கொண்டு முறையீட்டை மூடிவிட்டது. ஏமாற்றுவதற்கு வைத்த தகடே ஏமாற்றவில்லை என்பதற்கும் சான்றாகிப்போனது. விலைச் சீட்டைக் கைபேசியில் படமெடுத்து வைத்திருந்ததுதான் இப்போது என்னிடம் உள்ள வலுவான ஆதாரம்.

இதே தேடலில் இருப்பவர்களுக்குச் சிலவற்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நெக்கின் அடிமுனை, பாடியில் நெக் பொருந்தும் குழி, பாட்டுகளின் எண்கள், பிக்கார்டுக்குக் கீழே உள்ள பாடி ஆகியவற்றின் தெளிவான படங்கள் இல்லாமல் எந்த 'வி' எண் கிட்டாருக்கும் ஃபுல்லர்ட்டன் விலை கொடுக்காதீர்கள். கடைக்காரரே உங்கள் முன்னால் கழற்றிக் காட்டட்டும். திறமையுள்ள கைகள் முறையாகக் கழற்றி மாட்டினால் கிட்டாருக்கு எந்தக் கேடும் வராது. பாட்டின் தேதி அந்தத் தேதிக்கு முன் கிட்டார் தயாராகவில்லை என்பதை மட்டுமே சொல்லும். பழைய பாட்டுகளையும் வாங்கி மாட்டலாம் என்பதால் அதை நெக்கின் தேதியோடு சேர்த்தே எடைபோட வேண்டும். ஆண்டு, தயாரான ஊர், பூச்சு அசலா, மாற்றப்பட்ட பாகங்கள் எவை என்பதெல்லாம் ரசீதிலேயே எழுதப்பட வேண்டும். ஆய்வுக்காக நெக்கைக் கழற்றினாலும் திருப்பித் தரும் உரிமை உண்டு என்ற ஒரு வரியையும் கேட்டு வாங்குங்கள். எழுத மறுக்கும் கடையில் கிட்டார் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காமல் வந்துவிடுங்கள். ஃபுல்லர்ட்டன் என்ற பெயர்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதவர்கள், கொரோனாவில் தயாரான '62ஐ அதன் உண்மையான ஆண்டைச் சொல்லி விற்பவரிடம் தாராளமாக வாங்கலாம். வாசிப்பில் அது எந்த விதத்திலும் தாழ்ந்த கிட்டார் அன்று.

கலிபோர்னியாவின் சிறுவழக்கு நீதிமன்றத்தில் தனிநபர் ஒருவர் 12,500 டாலர் வரை கோரலாம். வழக்கறிஞர் தேவையில்லை, பதிவுக் கட்டணம் கோரும் தொகைக்கு ஏற்ப 30 முதல் 75 டாலர் வரை. முழுத் தொகையையும் திருப்பிக் கேட்டு அங்கே மனு கொடுத்திருக்கிறேன். விலைச் சீட்டின் படம், மின்னஞ்சல்கள், லூத்தியரின் கடிதம், நெக் முத்திரையின் படம் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். தீர்ப்பு வரும்வரை கிட்டாரை மீண்டும் பூட்டாமல், நெக்கும் பாடியும் தகடும் தனித்தனியாக, நீதிபதி கேட்டால் காட்டும் நிலையில் வைத்திருக்கிறேன். தெற்குக் கலிபோர்னியாவில் அண்மையில் சிவப்பு '62 மறுவெளியீடு வாங்கியவர்கள், திருப்பித் தரும் காலக்கெடு முடிவதற்குள் ஒரு லூத்தியரிடம் கொண்டுபோய் நெக்கின் தேதியைப் பார்த்துவிடுங்கள்.