ஃபியூயல் ஃபில்டரை இடம் மாற்றித் தருகிறோம் என்றார்கள், மேனிஃபோல்டு மேல் பெட்ரோல் சொட்டியது

பழைய ஃபோர் பை ஃபோர், அதிலும் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டி (பெட்ரோலை அதிக பிரஷரில் இன்ஜினுக்குள் பீய்ச்சும் வகை) வைத்திருப்பவர்கள் ஃபியூயல் ஃபில்டரை, அதாவது பெட்ரோல் வடிகட்டியை, இடம் மாற்றும் யோசனையில் இருந்தால், தயவுசெய்து இதைப் படித்துவிட்டு வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடுங்கள்.

என் வண்டியில் ஃபில்டர் சேஸிஸின் உள்பக்கம், பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் இருந்தது. சேற்றில் இறங்கி ஏறினால் போதும், சுற்றிலும் மண் அப்பிக்கொள்ளும். நட்டெல்லாம் துருவேறி ஸ்பேனர் வழுக்கும். அதனால், "பானட்டுக்குள்ள மேல வச்சுத் தர்றோம் சார், இனிமே கீழ படுத்துக் கழட்ட வேண்டாம்" என்று மெக்கானிக்குகள் சொன்னபோது எனக்கும் சரியென்றே பட்டது. புது ஒரிஜினல் ஃபில்டர், ஹோஸ், கிளாம்ப், கூலி எல்லாம் சேர்த்து பில் போட்டார்கள். பழைய ஃபில்டரைக் கேட்டேன். தூக்கிப் போட்டாச்சு என்றார்கள். நான் அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும்.

மூன்றாவது வாரம் வண்டிக்குள் பெட்ரோல் வாடை. போன் செய்தால், "புது ஹோஸ் சார், கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். பச்சைப் பொய். ஒழுங்கான ஹோஸைச் சரியாக மாட்டினால் முதல் நாளே வாடை வரக் கூடாது.

மறுநாள் காலை பானட்டைத் திறந்து வைத்து, மனைவியைச் சாவியை மட்டும் ஆன் செய்யச் சொன்னேன். பம்ப் ஓடும் சத்தம் கேட்டது. கிளாம்ப் ஓரத்தில் ஒரு துளி திரண்டு, கனத்து, கீழே விழுந்தது. விழுந்த இடம் ஒரு சாண் கீழே இருந்த எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, அதாவது இன்ஜினிலிருந்து சூடான புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்த் தொகுப்பு. இன்ஜின் குளிர்ந்திருந்ததால் பிழைத்தோம். பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ள சுமார் 280 டிகிரி செல்சியஸ் சூடு போதும், பொறிகூட வேண்டாம். லோ கியரில் மேடு ஏறும்போது மேனிஃபோல்டு அதைவிட மிக அதிகச் சூட்டில் இருக்கும். முந்தின நாள் மாலை என் மகள் அந்த வண்டியில்தான் வந்தாள்.

பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, அது ஆறிய பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுப் பிரித்தேன். (இன்ஜினை அணைத்த பிறகும் லைனில் பிரஷர் நிற்கும், அதனால் இந்த வரிசையை விட்டுவிடாதீர்கள்.) ஹோஸில் ஒரு எழுத்துகூட அச்சில்லை. தண்ணீர் ஹோஸ்! உள்சுவர் ஊறி உப்பி, விரல் வைத்தால் கரியாக ஒட்டியது. கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பழைய முறை) லைனில் பிரஷர் 5 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) சுற்றித்தான் இருக்கும். இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பலவற்றில் 40 பிஎஸ்ஐ வரும், அதற்கா தண்ணீர் ஹோஸ்? ஸ்க்ரூ கிளாம்பின் துளைகள் வழியே ரப்பர் பிதுங்கி, சீவினாற்போல வெட்டுப்பட்டிருந்தது. ஸ்டீல் பைப்பை ஹாக்ஸா பிளேடால் அறுத்து, பிசிறைக்கூடத் தேய்க்காமல், ஹோஸ் நழுவாமல் பிடித்து நிறுத்தும் புடைப்பு விளிம்பைப் பைப் முனையில் உருவாக்காமல், அப்படியே சொருகியிருந்தார்கள்.

ஃபில்டரைப் பார்த்தபோதுதான் எனக்குத் தாங்கவில்லை. பளபளவென்று கறுப்பு. நகத்தால் சுரண்டினேன். பெயின்ட் உரிந்து வந்தது, அடியில் துரு. ஓட்ட திசையைக் காட்டும் அம்புக்குறி மேலேயும் பெயின்ட். பெட்ரோல் வரும் பக்கத்தைக் கவிழ்த்தால் செம்மண் கரைசல் மாதிரி கொட்டியது. என்னுடைய பழைய ஃபில்டரையே தேய்த்து, பெயின்ட் அடித்து, புதுசு என்று எனக்கே விற்றிருக்கிறார்கள்.

நேரில் போய்க் காட்டினேன். "பழைய வண்டின்னா இப்படி ஏதாவது வரும் சார்" என்பதற்கு மேல் பதில் இல்லை. பணமும் வரவில்லை.

வேறொரு மெக்கானிக்கிடம் ஃபில்டரைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய்விட்டேன். அறுத்துவிட்டதால் பைப்பையும் புதிதாகப் போட வேண்டியதாயிற்று. கம்பெனிக்காரன் அதைக் கீழே வைத்தது சும்மா இல்லை: அங்கே சூடு இல்லை, சேஸிஸ் மறைவும் இருக்கிறது. கட்டாயம் மாற்றியே ஆக வேண்டுமென்றால் எக்ஸாஸ்டுக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள். பெரும்பகுதி ஸ்டீல் பைப்பாகவே ஓடட்டும், இணைப்பில் மட்டும் ஹோஸ். இன்ஜின் ஆடும்போது இழுபடாத அளவு தளர்வு வேண்டும், எதிலும் உரசவும் கூடாது.

ஏற்கெனவே மாற்றிவிட்டவர்கள் இன்றைக்கே டார்ச் அடித்து ஹோஸில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள். எஸ்ஏஇ 30ஆர்9 (இன்ஜெக்‌ஷன் பிரஷரைத் தாங்கும் ஹோஸின் தரக்குறி) என்று இருந்தால் சரி. 30ஆர்7 கார்புரேட்டருக்கும், மீந்த பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைனுக்கும் உள்ளது. அச்சே இல்லையென்றால் சாவியைத் தொடாதீர்கள், மெக்கானிக்கை வண்டி நிற்கும் இடத்துக்கே வரச் சொல்லுங்கள்.